மிட்வைஃப் மாணவி வெளிநாட்டு லேபர் வார்டுக்குப் போவதென்றால்

கேள்வி இதுதான்: மிட்வைஃபரி (பிரசவம் பார்க்கும் தொழிலுக்கான படிப்பு) இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவர், விடுமுறையில் பிரசவங்கள் அதிகம் நடக்கும் ஒரு நாட்டுக்குத் தன்னார்வலராகப் போக நினைக்கிறார். அங்கே எடுக்கும் பிரசவங்கள் லாக் புக்கில் (மாணவி செய்து முடித்தவற்றின் கணக்கேடு) ஏறுமா, பணம் வாங்கிக்கொண்டு ஏற்பாடு செய்பவர்களை நம்பலாமா, என்னென்ன தயார் செய்ய வேண்டும், மொத்தப் படிப்பையே வெளிநாட்டில் முடித்துவிட்டால் என்ன என்று கேட்கிறார்.

முதலில் ஒரு முடிச்சை அவிழ்த்துவிடலாம். சேவையும் பயிற்சியும் ஒரே பயணத்தில் நடந்துவிடும் என்றுதான் விளம்பரங்கள் சொல்கின்றன. ஆனால் பதிவு பெறாத ஒரு மாணவி லேபர் வார்டுக்குக் கொடுப்பதைவிட அங்கிருந்து எடுத்துக்கொள்வதே அதிகம்: சொல்லித்தர ஒரு சிஸ்டரின் நேரம், கையுறைகள், உள்ளூர் மாணவிக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரு பிரசவம். அந்த உள்ளூர் மாணவிக்கும் நிரப்ப வேண்டிய லாக் புக் இருக்கிறது என்பதை யாரும் நினைப்பதில்லை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு பதிவும் பணி அனுபவமும் உள்ள மிட்வைஃப்களைத்தான் களத்துக்கு அனுப்புகிறது, மாணவர்களை எடுப்பதில்லை. ஆகவே, போவது கற்றுக்கொள்ளத்தான் என்று மனதுக்குள் ஒப்புக்கொண்டு கிளம்புங்கள். அதற்குப் பிறகு கேட்க வேண்டிய கேள்விகள் எளிதாகிவிடும்.

லாக் புக் விஷயம். எது கணக்கில் ஏறும் என்பதை முடிவு செய்வது நீங்கள் போகும் மருத்துவமனையோ ஏற்பாட்டாளரோ இல்லை. உங்கள் கல்லூரியும், படிப்பு முடிந்ததும் உங்களுக்குத் தொழில் பதிவு தரப்போகும் மிட்வைஃபரி கவுன்சிலும்தான். ஒவ்வொரு இடத்திலும் எண்ணிக்கை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005/36 விதிப்படி ஒரு மாணவி குறைந்தது 100 கர்ப்பகாலப் பரிசோதனைகளும், தன் கையால் 40 பிரசவங்களும் செய்திருக்க வேண்டும். 40 கிடைக்காவிட்டால் 30 போதும், ஆனால் கூடுதலாக 20 பிரசவங்களில் உதவியிருக்க வேண்டும். சிக்கல் உள்ள 40 பெண்களைக் கவனித்திருக்க வேண்டும், 100 தாய்மார்களையும் நலமாகப் பிறந்த குழந்தைகளையும் பரிசோதித்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 30 பிரசவங்கள். அதோடு 10 பெண்களைக் கர்ப்பகாலத்தில் தொடங்கிப் பிரசவத்துக்குப் பின்வரை தொடர்ந்து கவனித்த அனுபவமும் வேண்டும். இந்தத் தொடர் கவனிப்பை நான்கு வாரப் பயணத்தில் எந்த நாட்டிலும் பெற முடியாது. ஆக, வெளிநாட்டுப் பயணம் ஒரே ஒரு கட்டத்தை நிரப்பலாம், மற்றவை அப்படியே கிடக்கும்.

'பிரசவம் எடுத்தேன்' என்பதற்கும் எல்லா இடத்திலும் ஒரே பொருள் இல்லை. தலை வெளிவரும்போது கை வைத்தாலே ஒரு கேஸ் என்று சில வார்டுகளில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பல கல்லூரிகளோ வலியில் கூட இருந்தது, குழந்தையை வாங்கியது, நஞ்சுக்கொடி முழுதாக வந்ததா என்று பார்த்தது, முதல் பரிசோதனை செய்தது என எல்லாம் சேர்ந்தால்தான் ஒன்று என்று எண்ணும். ஒரே பிரசவத்தை இரண்டு மாணவிகள் தங்கள் கணக்கில் எழுதினால் இருவருக்கும் போய்விடும். இதையெல்லாம் கிளம்பும் முன்பே உங்கள் கல்லூரியின் கிளினிக்கல் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். வாய்வார்த்தையாக 'பார்த்துக்கொள்ளலாம்' என்று சொன்னவர், நீங்கள் திரும்பி வரும்போது அந்தப் பதவியில் இல்லாமல் போகலாம்.

காகிதங்களின் வரிசை முக்கியம். கல்லூரியின் எழுத்து அனுமதி முதலில். அடுத்து அந்த மருத்துவமனையே தன் லெட்டர்பேடில் தரும் ஏற்புக் கடிதம். தேதி, வார்டு, உங்களை மேற்பார்வையிடப் போகிறவரின் பெயர், அவருடைய பதிவு எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஏற்பாட்டாளரின் கடிதம் இதற்கு ஈடாகாது. பிறகு அந்த நாட்டின் நர்சிங், மிட்வைஃபரி கவுன்சில் வெளிநாட்டு மாணவர்களுக்குத் தற்காலிக அனுமதி கேட்கிறதா என்று பார்த்து, கேட்டால் விண்ணப்பம் போட வேண்டும். அதன்பிறகு விசா. சுற்றுலா விசாவில் போய் லேபர் வார்டில் நிற்பது பல நாடுகளில் சட்டமீறல். சிக்கினால் நீங்கள் மட்டுமல்ல, உள்ளே விட்ட சிஸ்டரும் பதில் சொல்ல வேண்டும். காப்பீடு இரண்டு வகை: உங்கள் உடம்புக்கு ஒன்று, நீங்கள் செய்யும் வேலைக்கு ஒன்று. சாதாரணப் பயணக் காப்பீட்டின் விலக்குகளை வாசித்தால் 'மருத்துவப் பணி' என்று ஒரு வரி இருக்க வாய்ப்பு அதிகம். டிக்கெட் கடைசியில். டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டால் மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுக்கத் தோன்றும்.

பணம் வாங்கும் ஏற்பாட்டாளர்கள் எல்லோரும் மோசமில்லை. தங்குமிடம், விமான நிலையத்திலிருந்து வண்டி, மொழி வகுப்பு என்று செலவு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சில கேள்விகளுக்கு அவர்கள் தடுமாறினால் விலகிவிடுங்கள். கட்டணத்தில் மருத்துவமனைக்கு எவ்வளவு போகிறது? ஒரே நேரத்தில் வார்டில் எத்தனை வெளிநாட்டு மாணவர்கள், எத்தனை உள்ளூர் மாணவர்கள் இருப்பார்கள்? இரவு ஷிப்டில் மேற்பார்வை யார்? ஊசி குத்திவிட்டால் எச்ஐவி தடுப்பு மருந்து எந்த அறையில் இருக்கிறது, இரவு 2 மணிக்குச் சாவி யாரிடம்? கடைசிக் கேள்விக்கு நேரான பதில் வருகிறதா என்பதை வைத்தே அவர்களுக்கு அந்த வார்டு உண்மையில் தெரியுமா என்று சொல்லிவிடலாம். 'ஊரில் உங்களுக்கு அனுமதிக்காததையெல்லாம் இங்கே செய்யலாம்' என்று ஒருவர் ஆசை காட்டினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். சொந்தக் கல்லூரியில் செய்ய அனுமதியில்லாத எதையும் அங்கேயும் செய்யக்கூடாது. அந்தப் பெண்ணின் உடம்பு நீங்கள் பழகிப் பார்க்கும் இடமில்லை.

எவ்வளவு நாள்? இரண்டு வாரம் போதாது. எந்த அலமாரியில் என்ன இருக்கிறது, பதிவேட்டை எப்படி எழுதுகிறார்கள், யாரை எப்படி அழைப்பது என்று தெரிந்துகொள்ளவே முதல் வாரம் போய்விடும். நான்கு முதல் ஆறு வாரம் என்றால்தான் சிஸ்டர்கள் உங்களை நம்பி ஒரு வேலையைத் தருவார்கள். படிப்பின் முதல் ஆண்டில் போவதைவிட, சாதாரணப் பிரசவம் எப்படிப் போகும் என்று கையும் கண்ணும் அறிந்த பிறகு, அதாவது கடைசி ஆண்டில் போவதே நல்லது. இயல்பு எது என்று தெரியாதவருக்கு விபரீதம் எது என்றும் தெரியாது.

உடம்பைத் தயார் செய்ய ஏழு மாதமாவது வேண்டும், முக்கியமாக ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசிக்காக. வழக்கமான அட்டவணை 0, 1, 6 மாதங்கள். மூன்றாவது ஊசி போட்டு 1 முதல் 2 மாதத்துக்குள் ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவைப் பார்க்க வேண்டும். மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டுக்குக் குறைவு என்றால் பாதுகாப்பு வரவில்லை என்று பொருள். ஊசி போட்டாகிவிட்டது என்று இந்தச் சோதனையை விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. ருபெல்லா, சின்னம்மை எதிர்ப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள், நீங்கள் நிற்கப்போவது கர்ப்பிணிகளுக்கு நடுவில். மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் கேட்கும் நாடு என்றால், ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லும். கிளம்பும் வாரத்தில் போட்டால் எல்லையில் திருப்பி அனுப்பலாம். மலேரியா மாத்திரைகளில் டாக்ஸிசைக்ளின் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, திரும்பி வந்த பிறகும் 4 வாரம் சாப்பிட வேண்டும். அட்டோவாகோன், புரோகுவானில் சேர்ந்த மாத்திரை என்றால் திரும்பிய பின் 7 நாள் போதும்.

பெட்டியில் என்ன? உங்கள் அளவுக் கையுறைகள், அதிலும் முழங்கை வரை வரும் நீளக் கையுறை சில ஜோடிகள். பக்கவாட்டிலும் மூடும் கண்ணாடி கட்டாயம். பனிக்குடம் உடையும்போது நீர் எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. பிளாஸ்டிக் ஏப்ரன், முன்பக்கம் மூடிய, கழுவக்கூடிய செருப்பு, விநாடி முள் உள்ள கடிகாரம், அளவு நாடா, ஹெட்லைட். மின்சாரம் போகும் வார்டில் தையல் போட உதவும்போது அந்த ஹெட்லைட்டின் அருமை தெரியும். காலாவதியான மருந்துகளை 'நன்கொடை' என்று மூட்டை கட்டிக்கொண்டு போகாதீர்கள். அங்கே அது வெறும் குப்பை, எரிப்பதற்கும் அவர்களுக்குத்தான் செலவு.

ஒரு பினார்டும் எடுத்துச் செல்லுங்கள், வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்க உதவும், மரத்தாலோ அலுமினியத்தாலோ ஆன அந்தச் சிறு குழல். அந்தத் துடிப்பைத் தானே பதிவு செய்யும் சிடிஜி இயந்திரத்தை மட்டுமே நம்பிப் படித்தவர்கள் முதல் நாளே திணறும் இடம் இதுதான். கண்ட இடத்தில் வைத்து இதயத்துடிப்பைத் தேடக்கூடாது. முதலில் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, குழந்தையின் முதுகு எந்தப் பக்கம், தோள்பட்டை எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். குழலின் அகன்ற வாயை அந்த இடத்தில் செங்குத்தாக வைத்து, மறுமுனைத் தட்டில் காதைப் பொருத்தி, தலையால் லேசாக அழுத்தியபடி கையை எடுத்துவிட வேண்டும். கை குழலைப் பிடித்திருந்தால் விரல் உரசும் சத்தம் உள்ளே போய்க் குழப்பும். விட்ட கையால் தாயின் மணிக்கட்டு நாடியைப் பிடியுங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் போனால் நீங்கள் கேட்பது தாயின் ரத்த ஓட்டத்தை; குழந்தையை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கருப்பைச் சுருக்கம் முடிந்த கையோடு முழுதாக 60 விநாடி எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், சுருக்கத்துக்குப் பிறகு மெல்ல ஏறும் துடிப்பைத் தவறவிடுவீர்கள், அதுதான் எச்சரிக்கையே. 110 முதல் 160 வரை இயல்பு. வலி நன்றாகப் பிடித்த கட்டத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை, முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊரிலேயே 50 வயிறுகளில் பழகிவிட்டுப் போங்கள்.

பதிவுத்தாளும் மாறும். சில இடங்களில் இன்னும் பழைய பார்ட்டோகிராஃப் (பிரசவம் எப்படி முன்னேறுகிறது என்று குறிக்கும் வரைபடத் தாள்) இருக்கும்: கருப்பை வாய் 4 செ.மீ. விரிந்ததும் தொடங்கி, எச்சரிக்கைக் கோடும், அதற்கு 4 மணி நேரம் வலப்பக்கமாக நடவடிக்கைக் கோடும் போட்டது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கொண்டுவந்த லேபர் கேர் கைடு என்ற புதிய தாளில் பிரசவ வலியின் தீவிரக் கட்டம் 5 செ.மீ.யில்தான் தொடங்குகிறது, அந்தக் கோடுகள் இல்லை. அந்த வார்டில் எது புழக்கத்திலோ அதில்தான் எழுத வேண்டும். 'எங்கள் ஊரில் இது மாறிவிட்டது' என்று முதல் வாரத்தில் பாடம் எடுக்கப் போகாதீர்கள். இன்னொன்று: எல்லாம் முடிந்த பிறகு உட்கார்ந்து தாளை ஒரே மூச்சில் நிரப்பும் பழக்கம் நெருக்கடியான வார்டுகளில் உண்டு. உங்களிடம் அப்படி நிரப்பித்தரச் சொன்னால், நீங்கள் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

பிரசவத்துக்குப் பின் வரும் பெரும் ரத்தப்போக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும், மாணவி நிஜமாகவே உதவக்கூடிய இடம் இது. குழந்தை பிறந்ததும் கருப்பையை இறுக்க, தாய்க்கு 10 யூனிட் ஆக்ஸிடோசின் தசையில் போடுவது பரவலான வழக்கம். ஆனால் அந்த மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. வசதிக்காகக் காலையிலேயே எடுத்து மேசைமேல் தட்டில் வைத்திருந்தால், வெப்பமான ஊரில் நாள் போகப்போக அதன் வீரியம் குறையும். ஊசி போட்டும் கருப்பை இறுகவில்லையே என்று திகைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அடுத்தது, ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடுவது. துணியில் ஊறியதும் கட்டிலுக்கடியில் வழிந்ததும் கணக்கில் வராது. பெரும்பாலும் குறைவாகத்தான் தோன்றும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்து 2023-இல் வெளியான ஈ-மோட்டிவ் ஆய்வில், அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பால் ரத்தத்தை அளந்து, கருப்பையைத் தேய்த்துவிடுவது, கருப்பையை இறுக்கும் மருந்து, ரத்தப்போக்கைக் குறைக்கும் ட்ரானெக்ஸாமிக் அமிலம், நரம்பு வழித் திரவம், எங்கிருந்து வருகிறது என்ற பரிசோதனை ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே தொடங்கியபோது, கடும் ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. ஒன்று பலிக்கிறதா என்று காத்திருந்து அடுத்ததற்குப் போகும் பழைய முறையில் நேரம்தான் போகும். நீங்கள் செய்யக்கூடியது: விரிப்பைப் பார்த்துக்கொண்டிருப்பது, அளவை உரக்கச் சொல்வது, ட்ரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம் எந்த நிமிடம் ஏறத் தொடங்கியது என்று எழுதுவது (பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும்), சொன்னபடி கருப்பையைத் தேய்ப்பது. மருந்தை நீங்களாகத் தொடாதீர்கள்.

குழந்தைப் பக்கம். ஒவ்வொரு பிரசவத்துக்கும் முன்னால், மூச்சுவிடாத குழந்தைக்குக் காற்றூட்டும் ஆம்பு பையை எடுத்துப் பாருங்கள். மாஸ்கை உள்ளங்கையில் அழுத்தி மூடிப் பையைப் பிழிந்தால் கையில் அழுத்தம் தெரிய வேண்டும், கையை விட்டால் பை உடனே உப்ப வேண்டும். நிறைமாதக் குழந்தைக்கு 1-ஆம் எண் மாஸ்க், சிறிய குழந்தைக்கு 0. கழுவிய பிறகு வால்வைத் தலைகீழாகப் பொருத்தி வைத்திருப்பது அடிக்கடி நடக்கும். தெரியவருவது மூச்சுவிடாத குழந்தை கையில் இருக்கும்போது. நன்றாகத் துடைத்தும் மூச்சு வராவிட்டால் முதல் நிமிடத்துக்குள் காற்றூட்டத் தொடங்க வேண்டும், நிமிடத்துக்கு 40 முறை வீதம். மார்பு எழாவிட்டால் இன்னும் பலமாகப் பிழியக்கூடாது. மாஸ்கின் ஓரம் கசிகிறதா, தலை சரியான வாட்டத்தில் இருக்கிறதா, வாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பிடிக்காத காட்சிகளும் இருக்கும். வயிற்றின் மேல்பக்கம் அமுக்கித் தள்ளுவது, முதல் பிரசவம் என்றாலே எபிசியாட்டமி (பிறப்புறுப்பின் வாயைக் கத்தரித்து அகலமாக்குவது) போடுவது, அதட்டுவது, சில இடங்களில் தொடையில் அடிப்பது. முதல் இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2018-இல் தெளிவாகவே வேண்டாம் என்றிருக்கிறது, அடிப்பதும் அவமதிப்பதும் எங்கேயும் தவறுதான். ஆனால் ஒரே ஷிப்டில் பத்துப் பேரைத் தனியாகப் பார்க்கும் சிஸ்டரிடம் எல்லோர் முன்னிலும் சண்டை போட்டால் அந்தப் பெண்ணுக்கு ஒரு பயனும் இல்லை. அவளுடைய தலைமாட்டுக்குப் போய் நின்று கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெளிஆள் ஒருவர் அங்கே நின்றாலே அடிக்கும் கை பெரும்பாலும் தயங்கும். 'வயிற்றை அமுக்கு' என்று உங்களிடம் சொன்னால், 'எனக்கு அதற்கு அனுமதி இல்லை சிஸ்டர்' என்ற ஒரே வாக்கியத்தை அந்த ஊர் மொழியில் சொல்லத் தெரிந்து வைத்திருங்கள். நடந்ததைத் தேதி, நேரத்தோடு எழுதி உங்கள் கல்லூரி மேற்பார்வையாளருக்குத் தெரிவியுங்கள். பெண்ணின் பெயரும் படமும் எங்கேயும் போகக்கூடாது. புதிதாகப் பிறந்த குழந்தையோடு எடுத்த படத்தைப் பதிவிடும் ஆசையை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள்.

மொழி என்று பார்த்தால் முப்பது வாக்கியம் போதும், ஆனால் அது தூக்கத்திலும் வர வேண்டும். 'நான் மாணவி, பரிசோதிக்கலாமா?', 'வலி எப்போது தொடங்கியது?', 'பனிக்குடம் உடைந்துவிட்டதா?', 'முக்காதீர்கள், வாயால் மூச்சு விடுங்கள்', 'ரத்தம் அதிகம், சீக்கிரம் வாருங்கள்'. முதல் வாக்கியத்துக்கு 'வேண்டாம்' என்ற பதிலையும் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். வலியில் இருப்பவள் சும்மா இருந்தால் அது சம்மதம் ஆகாது.

ஊசி குத்திவிட்டால்: ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பிதுக்க வேண்டாம். உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மொத்தம் 28 நாள். வெட்கப்பட்டு மறைத்து மறுநாள் சொல்வதுதான் ஆபத்து. பயன்படுத்திய ஊசிக்கு மூடி போட முயலும்போதுதான் பலருக்கும் குத்துகிறது, எனவே மூடி போடவே வேண்டாம்.

முழுப் படிப்பையும் வெளிநாட்டில் படிப்பது வேறு கணக்கு. பன்னாட்டு மிட்வைஃப் கூட்டமைப்பின் கல்வித் தரப்படி நேரடியாகச் சேர்பவர்களுக்குக் குறைந்தது 3 ஆண்டு, நர்சிங் முடித்தவர்களுக்குக் குறைந்தது 18 மாதம். அதற்குக் குறைவான எந்தப் படிப்பையும் சந்தேகத்தோடு பாருங்கள். கல்லூரியைத் தேடும் முன், பின்னாளில் வேலை செய்ய நினைக்கும் நாட்டின் கவுன்சில் அந்தப் பட்டத்தை ஏற்குமா என்று கேளுங்கள். ஜெர்மனியில் 2020 முதல் இது பட்டப்படிப்பு, படிக்கும்போதே மாதாமாதம் ஊதியமும் உண்டு. ஆனால் ஜெர்மன் மொழி சரளமாக இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள். அமெரிக்காவில் நர்ஸ்-மிட்வைஃப் ஆக முதுநிலைப் பட்டம் வேண்டும். பிரிட்டனில், வேறு நாட்டில் படித்து முடித்தவர்களில் பெரும்பாலோர் கணினித் தேர்வும், ஓஎஸ்சிஈ என்ற செய்முறைத் தேர்வும் எழுத வேண்டும். ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு வழியாக மொழித்திறனைக் காட்டினால் மொத்தம் 7, எழுத்தில் மட்டும் 6.5 போதும். மூன்று நாடுகளுக்கும் ஒரே பட்டம் செல்லும் என்று எந்த முகவர் சொன்னாலும் கவுன்சிலின் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

திரும்பும் முன் ஒரு வேலை மிச்சம் இருக்கும். லாக் புக்கில் ஒவ்வொரு கேஸுக்கும் அன்றன்றே கையெழுத்தும் பதிவு எண்ணும் வாங்கியிருக்க வேண்டும். கடைசி நாளில் ஒரே பேனாவில் 22 கையெழுத்து வாங்கி வந்தால் கல்லூரி நிராகரிப்பது நியாயம்தான். திரும்பிய பிறகு, மலேரியா உள்ள நாடு என்றால், மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தாலும் மருத்துவரிடம் முதலில் நாட்டின் பெயரைச் சொல்லுங்கள், மாத்திரை சரியாகச் சாப்பிட்டிருந்தாலும் சரி.